பேர் வெட்டிய பிறகு

(ஒக்டோபர் முதலாம் திகதியை முன்னிட்டு நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஒக்டோபர் முதலாம் திகதி நம் நாட்டில் இரண்டு பேருக்குச் சொந்தமான நாள். அன்று சிறுவர் தினம், முதியோர் தினமும் அன்றுதான். ஐக்கிய நாடுகள் சபை 1990இல் அந்த நாளை முதியோருக்கென்று ஒதுக்கியது. பாடசாலையில் நாங்கள் பலூன் கட்டுகிறோம், பிள்ளைகளை ஆட விடுகிறோம், பெரியவர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஒரு சால்வையும் ஒரு பிஸ்கட் பக்கட்டும் கொடுத்துப் படம் எடுக்கிறோம். படம் எடுத்து முடிந்ததும் அவர்கள் லயத்துக்குப் போய், இஸ்தோப்பில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஒக்டோபர்தான்.

அந்த உட்காரும் இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நம் தோட்டங்களில் ஒருவர் ஓய்வு பெறுவதை எப்படிச் சொல்கிறோம்? "பேர் வெட்டியாச்சு" என்கிறோம். செக்ரோலில் இருந்து பேர் வெட்டுப்படுகிறது. நேற்று வரைக்கும் விடிய எழும்பி, ரொட்டி தட்டி, பெரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, மத்தியானம் நிறுவைக்கு வந்து, பின்னேரம் மறுபடி கூடையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு, மறுநாள் போக ஓர் இடம் இல்லை. பேசிக்கொண்டே கொழுந்து எடுத்த கூட்டாளிமார் மலையில் இருக்கிறார்கள். லயம் பகலில் வெறிச்சோடிக் கிடக்கிறது. மகனும் மருமகளும் பாசத்தோடு, "இவ்வளவு காலம் பாடுபட்டீங்க, இனி சும்மா இருங்க" என்கிறார்கள். அவரும் சும்மா இருக்கிறார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், நாற்பது வருடம் மலை ஏறியவருக்கு லயத்துப் படிக்கட்டு ஏற முடியவில்லை. "வயசாச்சு" என்று சொல்லி நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

வயதும் ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வயது செய்வதைவிட உட்கார்ந்திருப்பது செய்வது வேகமானது. பயன்படுத்தாத தசை கரையும். முதலில் கரைவது தொடையும் காலும். இளம் ஆள் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால் அடுத்த கிழமை பழைய மாதிரி நடந்துவிடுவார். எழுபது வயது ஆள் பத்து நாள் படுத்தால், போன பலத்தைத் திரும்பப் பிடிக்க மாதக்கணக்காகும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை. கால் தளர்ந்தால் விழுவார்கள். நம் லயங்களில் கக்கூசு வெளியே, படிக்கட்டு வழுக்கல், இரவில் வெளிச்சம் கிடையாது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கை. படுக்கையில் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அதற்குப் பிறகு நடப்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். சாவீட்டில், "நல்லாத்தான் இருந்தாரு, விழுந்ததுதான் காரணம்" என்று பேசிக்கொள்வோம். விழுவதற்கு முந்திய இரண்டு வருடத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

இங்கே ஒரு தாய் எழும்பி நம்மைக் கேட்கலாம்: "வாழ்நாள் முழுக்க மலை ஏறினோமே மாஸ்டர், இன்னும் எங்களுக்கு உடற்பயிற்சியா?" நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு பதில் இருக்கிறது.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி மாதிரி உடம்பு பழைய உழைப்பைச் சேர்த்து வைத்து வட்டியோடு திருப்பித் தராது. இந்த மாதம் நடந்தால் இந்த மாதத்துக்குக் கால் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மலையில் செய்தது உடற்பயிற்சி இல்லை. அது வேலை. கூடையின் கயிறு தலையில் இழுக்க, கழுத்தும் நாரியும் ஒரே பக்கமாக வளைய, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, கணக்குக் கிலோவை எட்ட வேண்டும் என்ற பயத்தோடு செய்த வேலை. அதில் தேய்ந்த மூட்டுக்கு இப்போது தேவைப்படுவது வேறு விதமான அசைவு. மெதுவாக, வலிக்காமல், நாமே விரும்பிச் செய்வது. ஓய்வு வேண்டும்தான். ஓய்வு என்பது இரவு நன்றாகத் தூங்குவது, பகலில் கொஞ்சம் சாய்வது, கிலோவுக்குப் பயப்படாமல் இருப்பது. காலையில் இருந்து இருட்டும் வரைக்கும் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பதற்கு ஓய்வு என்று பேர் வைக்க வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது தொழிற்சங்கக் கூட்டம். "வயசானவங்க சுறுசுறுப்பா இருக்கணும்" என்ற பேச்சை நிர்வாகமும் விரும்பும். பேர் வெட்டியவர்களையே கைக்காசுக்கு மலைக்குக் கூப்பிடுவதைப் பல தோட்டங்களில் பார்க்கிறோம். தேவை இருப்பதால் அவர்களும் போகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாயில்லை, அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கைக்காசு வேலை என்றாலும் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் உரித்து உண்டு என்பதைத் தலைவர்மார் நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார்துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. வேலை நின்றவருக்குச் சேவைக்காலப் பணம் 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். நாட்சம்பளக்காரர் என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அந்தக் காசுக்காக ஒபீசுக்கு மாதக்கணக்கில் ஏறி இறங்குவதை நாம் சொல்லும் நடைப்பயிற்சிக் கணக்கில் யாரும் சேர்க்கக் கூடாது!

சரி, என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதைக் கடந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்கிறார்கள். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாது. அதுதான் அளவு. அரை மணியை ஒரே மூச்சில் நடக்க முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். மலைப் பாதை வேண்டாம், மட்டமான றோட்டில் நடந்தால் போதும். பனி விலகி வெயில் வந்த பிறகு, இரண்டு பேராக, காலில் செருப்போடு.

நடை மட்டும் போதாது. காலுக்குப் பலமும் உடம்புக்கு நிதானமும் வேண்டும். அதற்கு இஸ்தோப்பில் இருக்கும் வாங்கே போதும். வாங்கைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழும்பிப் பாருங்கள். முடியாதவர் முதலில் ஊன்றிக்கொண்டே எழும்பலாம். ஐந்து தடவை, பிறகு ஓய்வு, மறுபடி ஐந்து தடவை. நான்கு கிழமை விடாமல் செய்தால் பலருக்கு ஊன்றும் கை மெதுவாக விலகும். அடுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குவது, பத்துத் தடவை. அதற்கடுத்து, சுவர் கைக்கு எட்டும் இடத்தில் நின்று, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றப் பாதத்தை வைத்துப் பத்து எண்ணும் வரைக்கும் நிற்பது. சின்னப் பிள்ளைகள் "அடி வைச்சு" அளப்பார்களே, அதே மாதிரி. இரவில் கக்கூசுக்குப் போகும்போது விழாமல் காப்பாற்றுவது இந்த நிதானம்தான். தோளுக்கு, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்கலாம்.

நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், மூச்சு அடைத்தால் உடனே நிறுத்த வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர்கள், பிரஷரோ சீனி வருத்தமோ கட்டுக்குள் இல்லாதவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தேத்தண்ணியும் ரொட்டியும் தசை வளர்க்காது. வீட்டில் முட்டையோ நெத்தலியோ பருப்போ ஆக்கும் நாளில், "எனக்கு எதுக்கு, பிள்ளைகளுக்குக் குடு" என்று பெரியவர்கள் தள்ளி வைப்பார்கள். அவர்கள் தட்டிலும் கொஞ்சம் வையுங்கள்.

உடம்பைப் பற்றி இவ்வளவு பேசினோம். மனதைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் அதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் வேறு வேறு பேர் சொல்லி மறைத்துவிடுகிறோம்.

ஒரு பெரியவர் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை, சொன்னதைத் திரும்பக் கேட்கிறார், பேரப்பிள்ளையின் பேரை மாற்றிச் சொல்கிறார் என்றால், "மறதி வந்திருச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் காதைப் பாருங்கள். ஸ்டோரில் ரோலர் சத்தத்துக்குள் முப்பது வருடம் நின்றவருக்குக் காது மந்தமாவது புதுமை இல்லை. கண்ணைப் பாருங்கள். கண்ணில் பூ விழுந்தவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். காது கேட்காமல், கண் தெரியாமல் இருப்பவர் பேச்சில் இருந்து விலகுவார். பேச்சில் இருந்து விலகினால் மூளை மங்கும். கேள்திறன் குறைவும் பார்வைக் குறைவும் தனிமையும் உடல் அசைவின்மையும் மறதி நோய்க்கு வழி திறக்கின்றன என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இப்போது பட்டியல் போட்டே சொல்கிறார்கள். நேற்று வரைக்கும் தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அது வேறு விடயம். கிருமித் தொற்றாக இருக்கலாம், சீனி இறங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மறதி இல்லாமலே ஒடுங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். துணை செத்த பிறகு தலை சீவுவதில்லை, கோயில் பக்கம் போவதில்லை, பாதிச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார்கள். "இருந்து என்ன செய்யப்போறேன்" என்று ஒருவர் சொன்னால் அதை வாய்ப்பேச்சாக எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். அந்த இலக்கத்தைக் கோயில் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இனி, எங்கள் டிவிசனில் ஒரு வருடமாக நடப்பதைச் சொல்கிறோம். பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். முதலில் வந்தவர்கள் பெண்கள், பதினொரு பேர். வாங்கில் உட்கார்ந்து எழும்புவதை எண்ணும்போது, நிறுவையில் கிலோ சொல்வது மாதிரி ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் சிரித்துச் சிரித்தே பத்துத் தடவை எழும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல்லாங்குழி. பல்லாங்குழியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எந்தக் குழியில் எத்தனை முத்து என்று மனதில் வைத்து, நாலு குழிக்கு முன்னாலேயே கணக்குப் போட வேண்டும். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுபது வயது அப்பாயிமாரிடம் தோற்றுப் போனார்கள்.

ஆண்கள் வரவில்லை. கூப்பிட்டால், "பொம்பளைங்க கூட்டத்துல எங்களுக்கு என்ன வேலை" என்றார்கள். நம் ஆண்களுக்குக் கூட்டாளி என்றால் பெரட்டுக்களமும் தவறணையும்தான். பேர் வெட்டினால் பெரட்டுக்களம் போய்விடும், மிச்சம் இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். அவர்களை அழைத்து வந்தது தப்பு. எங்கள் டிவிசனில் சில வருடமாகக் காமன் கூத்து நின்று போயிருந்தது. பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள், பாட்டுத் தெரிந்தவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். தைப் பொங்கல் முடிந்த கையோடு, தோல் கிழிந்த பழைய தப்பு ஒன்றைக் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டு, "இதை யாராவது சரிபண்ணித் தர முடியுமா?" என்று மட்டும் கேட்டோம். அடுத்த ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஏழு பேர்.

மாசி மாதம் வளர்பிறையில் காமன் ஊன்றினார்கள். அதற்கு முந்திய ஞாயிறுகளில் நாங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர், மன்மதனுக்கு அடவு சொல்லிக் கொடுப்பதற்காகச் சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்துகொண்டே காலைத் தட்டித் தட்டி மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தார். ரதியின் புலம்பலை ஓர் அடிகூட விடாமல் பாடியவர், காலையில் மருந்து குடித்தாரா இல்லையா என்பது ஞாபகம் இல்லாதவர் என்று அவருடைய மகளே சொன்னார். பழைய பாட்டு மனதின் அடியில் கிடக்கும். அதை எடுக்கும்போது கூடவே வேறு சிலதும் மேலே வரும். தாளத்துக்குக் கால், பாட்டுக்கு மூச்சு, வரிக்கு ஞாபகம், கற்றுக் கொடுக்க எதிரே ஒரு பையன். எந்த டொக்டரும் இவ்வளவையும் ஒரே துண்டில் எழுதிக் கொடுக்க மாட்டார்.

இதெல்லாம் தொழிற்சங்கத்தின் வேலையா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பேரை நினைவூட்டுகிறோம். 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் இருந்து பாராளுமன்றம் போன சி.வி.வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதிதான். நம் மக்கள் வாயில் இருந்த பாட்டுகளைத் தேடித் தொகுத்தவரும் அவர்தான். சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் தாலாட்டுக்கும் நடுவில் அவர் வேலி போடவில்லை.

பாடசாலையில் வேறொரு வேலை தொடங்கினோம். நம் அம்மாயிமாரில் பலர் இன்னும் கைநாட்டு. பிள்ளைக் காம்பராவில் தம்பி தங்கச்சியைப் பார்த்து, பன்னிரண்டு வயதிலேயே கூடை எடுத்தவர்கள். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அகரத்தில் இருந்து தொடங்கப் பார்த்தோம், அவர்கள் விடவில்லை. "என் பேரை மொதல்ல எழுதிக் காட்டு" என்றார்கள். பேருக்குப் பிறகு பஸ்ஸின் பலகை, அதற்குப் பிறகு மருந்து உறையில் "காலை, இரவு". வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச, எந்த இடத்தில் தொட வேண்டும் என்றும் பிள்ளைகளே காட்டினார்கள். வயதானால் மூளைக்குள் புதிதாக எதுவும் ஏறாது என்பது பொய். மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

பதிலுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்கிறார்கள். இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 1974இல் வாலிப வயது. தோட்டங்களில் பட்டினி கிடந்த காலம், மாவும் அரிசியும் கிடைக்காமல் கிழங்கு தேடிய காலம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று குடும்பம் பிரிந்து தலைமன்னார்க் கோச்சியில் ஏறியதைப் பார்த்தவர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984இல் போராடி வாங்கியது என்று பாடப் புத்தகம் பிள்ளைகளுக்குச் சொல்லாது, அந்த வேலைநிறுத்தத்தில் நின்ற அப்பாயி சொல்வார். ஒரு கவனம் வேண்டும்: எல்லா நினைவும் எல்லாருக்கும் பேசக்கூடியதாக இருக்காது. ஒருவர் நிறுத்தினால் பிள்ளைகளும் நிறுத்த வேண்டும். கேள்வித்தாள் மாதிரித் துளைக்கக் கூடாது.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கொழும்பில், மூன்று பிள்ளைகள் அம்மாயியிடம். அவரைப் பார்த்துச் சுறுசுறுப்பாக இரு என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்குத் தேவை கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் யாராவது அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. ஞாயிறு பின்னேரம் மாதர் சங்கத்தில் இருவர் முறை வைத்துச் செய்தால் முடியும்.

இப்போது கமிட்டியிடம் கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

செக்ரோலில் பேர் வெட்டியதும் சந்தாப் பணம் நிற்கிறது. சந்தா நின்றதும் சங்கப் புத்தகத்திலும் பேர் இல்லாமல் போகிறது.  முப்பது, நாற்பது வருடம் சந்தா கட்டிய மனிதர் கூட்டத்துக்கு வந்தால், ஓரமாக நின்று கேட்க வேண்டியிருக்கிறது. துரை வெட்டிய பேரை நாமும் வெட்டலாமா? ஓய்வு பெற்றவர்களுக்குத் தனி உறுப்புரிமை வேண்டும், சந்தா இல்லாமலே. தோட்டக் கமிட்டியில் அவர்களில் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடம் வேண்டும். புதுத் தலைவர்மாருக்குக் கூட்டு ஒப்பந்தத்தின் பழைய வரிகள் தெரியாது, எந்த மலையில் எந்தக் காலத்தில் எத்தனை கிலோ கேட்டார்கள் என்பது தெரியாது. அவர்களுக்குத் தெரியும். யோசனை கேட்கப்படும் ஆள் அவ்வளவு சீக்கிரம் ஒடுங்கிப் போக மாட்டார்.

அடுத்தது லயத்துப் படிக்கட்டுக்குக் கைப்பிடியும் கக்கூசுப் பாதைக்கு வெளிச்சமும். இதை நிர்வாகத்திடம் கொடுக்கும் கோரிக்கைக் கடிதத்தில் சம்பளத்துக்கு அடுத்த பந்தியில் எழுத வேண்டும், கடைசிப் பந்தியில் வேண்டாம். காத்திருக்கும் காலத்தில், கல்வனைசு குழாய் ஒன்றும் இரண்டு மூட்டை சீமெந்தும் இருந்தால் ஒரு லயத்துக்குக் கைப்பிடியை நம் பையன்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துவிடுவார்கள்.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான். 60 வயது முடிந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் வரிசையில் முன்னுரிமை கிடைக்கும். கிராம உத்தியோகத்தர் பிரிவு தோறும் முதியோர் குழு அமைக்க வழி இருக்கிறது, அதில் தோட்டத்து ஆட்களும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக பஸ் ஏறி அலையாமல், கமிட்டி ஒரு நாளைக் குறித்து, படிவங்களைக் கொண்டுவந்து இங்கேயே நிரப்பிக் கொடுத்தால், நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் வந்து எழுதித் தருகிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியதை மருமக்களுக்கும் மகன்மாருக்கும் சொல்கிறோம். பெரியவர் கையில் இருக்கும் வேலையைப் பாசத்தால் பிடுங்காதீர்கள். கீரை ஆயட்டும், வாசல் கூட்டட்டும், வீட்டுத் தோட்டத்தில் நாலு லீக்ஸ் நடட்டும். நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். சந்தைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், விலை பேசட்டும். பாரமான வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் சுமப்பது, விறகு தூக்குவது.

இன்றைக்கு வந்திருக்கும் ஒவ்வொரு டிவிசனும் போகும்போது ஒரு தாளில் மூன்று விடயம் எழுதித் தர வேண்டும்: உங்கள் டிவிசனில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் லயத்தை விட்டு வெளியே வராதவர்கள் எத்தனை பேர், ஞாயிறு பின்னேரம் கூட எந்த இடம் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குக் கணக்கப்பிள்ளையிடம் விசாரித்து எழுத வேண்டாம், லயம் லயமாகப் போய்ப் பார்த்து எழுதுங்கள். தாளைத் தபாலில் அனுப்பினாலும் சரி.

எங்கள் டிவிசனைப் பார்க்க விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு மூன்று மணிக்கு வரலாம். மழை பெய்தால் தப்புத் தோல் தொய்ந்துவிடும், காய்ச்ச வேண்டும். வருகிறவர்கள் காய்ந்த விறகு ஒரு கட்டுக் கொண்டுவந்தால் பெரியவர்கள் சந்தோசப்படுவார்கள்.